அப்பாவின் இதயம் ஏன் தளர்ந்தது என்று முதலில் கேளுங்கள்

கேள்வி: டாக்டர், எனக்கு வயது 44. ஆசிரியையாக இருக்கிறேன். போன மாதம் என் அப்பாவை (வயது 71) மூச்சுத்திணறலோடு மருத்துவமனையில் சேர்த்தோம். கால்கள் இரண்டும் வீங்கியிருந்தன. எக்கோ (இதய ஸ்கேன்) எடுத்துவிட்டு, ‘ஹார்ட் ஃபெயிலியர், பம்பிங் 28 சதவீதம்தான் இருக்கிறது’ என்றார்கள். ஆஞ்சியோவில் பெரிய அடைப்பு எதுவும் இல்லையாம். இப்போது வீட்டுக்கு வந்துவிட்டார், பரவாயில்லை. அவருக்கு 20 வருடமாக பி.பி. உண்டு. தலை சுற்றினால் மாத்திரை போடுவார், சரியானதும் விட்டுவிடுவார். (அப்பாவின் தம்பி, என் சித்தப்பா, 38 வயதில் ஷட்டில் விளையாடிக்கொண்டிருக்கும்போதே விழுந்து இறந்துவிட்டார். மாரடைப்பு என்று சொன்னார்கள்.)

எனக்குக் கொலஸ்ட்ரால் நார்மல். போன வருடம் எடுத்த ஈ.சி.ஜி.யும் நார்மல். பி.பி. மட்டும் 148/92 இருந்தது, ‘பார்டர்தான்’ என்றார்கள். சுகரின் மூன்று மாதச் சராசரி 6.2. உயரம் 157 செ.மீ., எடை 81 கிலோ. இரண்டாவது பிரசவத்தில் பி.பி. ஏறி, சிறுநீரில் புரதம் போகிறது என்று முன்கூட்டியே சிசேரியன் செய்தார்கள். பிறகு சரியாகிவிட்டது. முழங்கால் வலிக்கு அவ்வப்போது வலி மாத்திரை போடுகிறேன். குறட்டை விடுகிறேன் என்று வீட்டில் கேலி செய்கிறார்கள். இரண்டு மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது, எடைதான் காரணம் என்று நினைக்கிறேன். அப்பாவுக்கு வந்தது எனக்கும் வருமா? வராமல் இருக்க என்ன செய்ய வேண்டும்?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். சித்தப்பாவை அடைப்புக்குறிக்குள் போட்டிருக்கிறீர்கள். பிரசவத்தில் வந்த பி.பி.யை ‘சரியாகிவிட்டது’ என்று ஒரே வார்த்தையில் முடித்திருக்கிறீர்கள். குறட்டை உங்களுக்கு வீட்டுக் கேலி. இந்த மூன்றுக்கும்தான் நான் பேனாவால் அடிக்கோடு போட்டேன்.

அதற்கு முன் அந்தப் பெயரைப் பற்றிக் கொஞ்சம். ‘ஹார்ட் ஃபெயிலியர்’ என்று நான் சொன்னதும் ஒரு பெரியவரின் மகன், “எப்போ சார் நின்னுச்சு?” என்று கேட்டார். அப்பா உள்ளே கட்டிலில் உட்கார்ந்து காபி கேட்டுக்கொண்டிருந்தார். தமிழில் ‘இதயச் செயலிழப்பு’ என்று எழுதினாலும் அதே பயம்தான். உண்மையில் இது இதயம் நின்றுபோவது அல்ல. உடம்புக்கு வேண்டிய ரத்தத்தை இதயத்தால் தேவையான அளவு தள்ள முடியவில்லை, அல்லது தளர்ந்து விரிந்து ரத்தத்தை உள்வாங்கிக்கொள்ள முடியவில்லை என்பதுதான் பொருள். முன்னே போக வேண்டியது போகாததால் பின்னே தேங்குகிறது. நுரையீரலில் தேங்கினால் மூச்சுத்திணறல், காலில் தேங்கினால் வீக்கம். மாரடைப்பு வேறு. அது ரத்தக்குழாய் அடைபட்டு இதயத் தசையின் ஒரு பகுதி சாவது. அப்படிச் செத்த தசையால் பின்னாளில் செயலிழப்பு வரலாம். அந்த அளவில் இரண்டும் உறவு, அவ்வளவுதான்.

‘28 சதவீதம்’ என்ற கணக்கையும் சரி செய்துவிடுகிறேன். 100க்கு 28, அப்படியானால் 72 போய்விட்டது என்று பல குடும்பங்கள் கணக்குப் போடுகின்றன. நல்ல இதயம்கூட 100 சதவீதம் தள்ளாது. கீழறையில் 120 மில்லி ரத்தம் நிறைந்தால் ஒரு துடிப்பில் 70 மில்லி அளவுக்குத்தான் வெளியே போகும். நார்மல் என்பதே 55 முதல் 70 வரை. ஆக, அப்பாவின் இதயம் ஏறக்குறைய பாதி வேலை செய்கிறது. அந்த எண் அப்படியே நிற்கும் என்றும் இல்லை. மருந்துகளை ஒழுங்காகத் தொடர்ந்த பலருக்கு 40ஐத் தாண்டி ஏறியிருக்கிறது. ‘ஏறிவிட்டதே, இனி மாத்திரை எதற்கு’ என்று அவர் நிறுத்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தலைசுற்றல் நின்றதும் பி.பி. மாத்திரையை விட்டவர் என்று எழுதியிருக்கிறீர்களே, அதனால் சொல்கிறேன்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். அப்பாவுக்கு வந்தது எனக்கும் வருமா?

இதற்கு ஆம், இல்லை என்று பதில் சொல்ல முடியாததற்குக் காரணம், இதயச் செயலிழப்பு என்பது தனி நோயே அல்ல. பல நோய்கள் கடைசியில் வந்து சேரும் இடம் அது. பி.பி. அங்கே கொண்டுபோய் விடும். பழைய மாரடைப்பு கொண்டுபோய் விடும். கெட்டுப்போன வால்வு, அளவு மீறிய குடி, வைரஸ் காய்ச்சலுக்குப் பிறகு வரும் இதயத்தசை அழற்சி, பிறவியிலேயே தசையில் உள்ள குறை என்று வழிகள் ஏராளம். அப்பா எந்த வழியாக அங்கே போனார் என்று தெரிந்தால்தான், அந்த வழியில் நீங்களும் நிற்கிறீர்களா என்று சொல்ல முடியும். ஆகவே ‘எனக்கு வருமா’ என்பதற்கு முன்னால் ‘அவருக்கு ஏன் வந்தது’ என்ற கேள்வி வருகிறது. அதை அவருடைய மருத்துவரிடம் யாராவது கேட்டீர்களா? பெரும்பாலும் கேட்டிருக்க மாட்டீர்கள். அவசரப் பிரிவில் யாருக்கும் அது தோன்றாது.

எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் இரண்டு சாத்தியங்கள் தெரிகின்றன. 20 வருடம் சரியாகக் கட்டுப்படுத்தாத பி.பி. ஒரு இதயத்தைத் தாராளமாக இந்த நிலைக்குக் கொண்டுவரும். அதை மட்டும் பார்த்தால் கதை முடிந்துவிடும். ஆனால் ஆஞ்சியோவில் பெரிய அடைப்பு இல்லை, பம்பிங் மிகவும் குறைந்திருக்கிறது, கூடப்பிறந்த தம்பி 38 வயதில் விளையாடும்போது விழுந்து இறந்திருக்கிறார். இந்த மூன்றும் ஒரே குடும்பத்தில் சேர்ந்து வரும்போது, இதயத்தசை நோய் பரம்பரையாக வருகிறதா என்று பார்க்காமல் விடக் கூடாது. 38 வயதில் திடீர் மரணம் என்றதும் மாரடைப்பு என்று சொல்லிவிடுவது வழக்கம். அதுவாகவே இருக்கலாம். பிரேதப் பரிசோதனை நடந்திருந்தால் ஒழிய உறுதியாக யாரும் சொல்ல முடியாது. இளம் வயதில் விளையாட்டு மைதானத்தில் நிகழும் மரணங்களில் தசைத் தடிப்பு நோய், தசை விரிவு நோய், இதயத்தின் மின் ஓட்டக் கோளாறுகள் ஆகியவற்றுக்கும் பங்கு உண்டு. தசைத் தடிப்பு நோய் சுமார் 500 பேரில் ஒருவருக்கு இருக்கிறது. பெற்றோரில் ஒருவருக்கு அதற்கான மரபணு மாற்றம் இருந்தால் பிள்ளை ஒவ்வொருவருக்கும் 50 சதவீத வாய்ப்பு. ஆணா பெண்ணா என்ற பேதம் இல்லை.

உங்களைப் பயமுறுத்த இதை எழுதவில்லை. வலியில்லாத, 20 நிமிடத்தில் முடிகிற ஒரு எக்கோ இந்தச் சந்தேகத்தைப் பெருமளவு தீர்த்துவைக்கும். ‘ஈ.சி.ஜி. நார்மல்’ என்கிறீர்கள். நல்ல செய்திதான். ஆனால் ஈ.சி.ஜி. இதயத்தின் மின்சாரத்தைக் காட்டும், சுவரின் கனத்தையும் அறையின் அளவையும் நேராகக் காட்டாது. எக்கோ காட்டும். அப்பாவின் நோய் பரம்பரை வகைதான் என்று மருத்துவர் நினைத்தால், இப்போது உங்கள் எக்கோ நார்மலாக இருந்தாலும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை திரும்ப எடுக்கச் சொல்வார். இந்த நோய்களில் சில 40, 50 வயதில்தான் தலைகாட்டும். மரபணுப் பரிசோதனை செய்வதாக இருந்தால் முதலில் அப்பாவுக்குத்தான் செய்ய வேண்டும். அவரிடம் உள்ள மரபணுப் பிழை எது என்று தெரியாமல் அதை உங்களிடம் தேடுவதில் பயன் குறைவு.

இந்த மரபணு விஷயத்தில் எனக்குப் பிடித்த ஒரு செய்தி உண்டு. தசை விரிவு நோய் பரம்பரையாக வரும் குடும்பங்களில் அதிகம் பிடிபடுவது ‘டைட்டின்’ என்ற புரதத்தின் மரபணுவில் உள்ள குறை. மனித உடம்பிலேயே மிகப் பெரிய புரதம் அது. இதயத்தசைக்கு ஸ்பிரிங் மாதிரி. அந்தக் குறையோடு பிறந்தவர்கள் எல்லோருக்கும் நோய் வருவதில்லை. கர்ப்பம், அதிகக் குடி, சில புற்றுநோய் மருந்துகள் என்று மேலே ஒரு சுமை ஏறும்போது வெளிப்படுகிறவர்கள் பலர். அதாவது பிறப்பில் வந்ததும் வாழ்க்கையில் சேர்ந்ததும் கைகோத்துத்தான் வேலை செய்கின்றன. எனவே எக்கோவில் என்ன வந்தாலும், இனி நான் சொல்லப்போகிற சாதாரண விஷயங்கள் உங்களுக்குப் பொருந்தாமல் போகாது.

முதலில் அந்த 148/92.

‘பார்டர்’ என்ற சொல்லைப் பரப்பியது மருத்துவர்களாகிய நாங்கள்தான். நோயாளி பயந்துவிடக் கூடாதே என்று ஆரம்பித்தது. கேட்பவர் காதில் அது ‘நான் இன்னும் இந்தப் பக்கம்தான் இருக்கிறேன்’ என்று விழுகிறது. 140/90ஐத் தாண்டினால் அந்தப் பக்கம்தான், சகோதரி. ஒரே ஒரு அளவை வைத்து நோய் என்று முத்திரை குத்தக் கூடாது, அது உண்மை. திரும்ப அளக்காமல் விட்டதுதான் தவறு.

ஒரு காலத்தில் மருத்துவ உலகமே இதில் அலட்சியமாக இருந்தது. வயது ஏறினால் பி.பி.யும் ஏறத்தான் வேண்டும், உறுப்புகளுக்கு ரத்தம் போக அது அவசியம் என்று நம்பினார்கள். அமெரிக்க அதிபர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டை 1944 மார்ச்சில் ஓர் இதய மருத்துவர் பரிசோதித்தபோது பி.பி. 186/108. இதயச் செயலிழப்பும் தொடங்கியிருந்தது. உலகப் போரை நடத்திக்கொண்டிருந்த ஒரு மனிதருக்கு அன்று கொடுக்க உருப்படியான பி.பி. மாத்திரை கிடையாது. 1945 ஏப்ரலில் மூளையில் ரத்தக்கசிவு ஏற்பட்டு இறந்துபோனார். 1948இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஃபிராமிங்ஹாம் என்ற ஊரில் 5,209 பேரைச் சேர்த்து, இதய நோய் யாருக்கு ஏன் வருகிறது என்று வருடக்கணக்கில் கூடவே இருந்து பார்க்க ஆரம்பித்தார்கள். அந்த ஆய்வு இன்றும் நடக்கிறது. ‘ரிஸ்க் ஃபேக்டர்’ என்று இன்று எல்லோரும் சொல்கிறோமே, அந்தச் சொல் புழக்கத்துக்கு வந்ததே அந்த ஆய்வாளர்களால்தான். இதயச் செயலிழப்பு வந்தவர்களில் 91 சதவீதம் பேருக்கு அதற்கு முன்பே பி.பி. இருந்தது என்று 1996இல் அங்கிருந்து கணக்கு வந்தது. பி.பி. உள்ள ஆண்களுக்கு ஆபத்து சுமார் இரு மடங்கு, பெண்களுக்கு மூன்று மடங்கு. 40 வயதில் இருக்கும் ஒருவருக்கு வாழ்நாளில் இந்த நோய் வரும் வாய்ப்பு ஐந்தில் ஒன்று என்பதும் அதே ஆய்வின் கணக்குதான்.

பி.பி. எப்படி இதைச் செய்கிறது? எதிர்ப்பு அதிகமுள்ள குழாய்க்குள் ரத்தத்தைத் தள்ளித் தள்ளி, மூட்டை தூக்குகிறவரின் புஜம் மாதிரி இதயச் சுவர் பருத்துவிடுகிறது. புஜத்துக்கு அது அழகு. இதயத்துக்கு இல்லை. பருத்த சுவர் விறைப்பாகிவிடும். துடிப்புக்கும் துடிப்புக்கும் நடுவே தளர்ந்து ரத்தத்தை வாங்கிக்கொள்ள வேண்டிய நேரத்தில் அதனால் முடியாது. இந்தக் கட்டத்தில் பம்பிங் 60 சதவீதம் என்றே எக்கோ சொல்லும், நோயாளிக்கு மூச்சு மட்டும் வாங்கும். இன்னும் சில வருடங்கள் போனால் சுவர் தளர்ந்து அறை விரிந்து, அப்பாவுக்கு வந்த மாதிரி எண் கீழே இறங்கலாம். ‘பம்பிங் நார்மல்’ என்ற வரியைப் பார்த்து நிம்மதியாக வீட்டுக்குப் போகிறவர்களில் இந்த விறைப்பு வகைச் செயலிழப்போடு போகிறவர்களும் இருக்கிறார்கள். குறிப்பாகப் பெண்கள், எடை கூடியவர்கள், பி.பி.யும் சுகரும் உள்ளவர்கள். எக்கோ அறிக்கையில் அந்த ஒரு எண்ணோடு நிறுத்திவிடாமல், சுவர் கனம் என்ன, இடது மேலறை பெருத்திருக்கிறதா, விரிவதில் தடை இருக்கிறதா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

இதில் கை விட்டுப்போனது எதுவும் இல்லை என்பதற்கும் கணக்கு இருக்கிறது. 80 வயது தாண்டியவர்களுக்கு மட்டும் நடத்தி 2008இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், பி.பி. மருந்து கொடுத்த குழுவில் இதயச் செயலிழப்பு 64 சதவீதம் குறைந்தது. 80 வயதிலேயே அப்படி என்றால் 44 வயதில் தொடங்குவதற்கு என்ன கேடு? 2015இல் 9,361 பேரிடம் நடந்த இன்னொரு ஆய்வில், மேல் அளவை 140க்குக் கீழ் வைத்தவர்களைவிட 120க்குக் கீழ் கொண்டுவர முயன்றவர்களுக்கு இது 38 சதவீதம் குறைவாக வந்தது. எல்லோருக்கும் 120 என்ற இலக்கு ஒத்துவராது. தலைசுற்றல், சிறுநீரகச் சிக்கல் உள்ளவர்களுக்குப் பார்த்துத்தான் இறக்க வேண்டும். உங்கள் இலக்கை உங்கள் மருத்துவரோடு பேசி முடிவு செய்யுங்கள்.

வீட்டில் அளக்க ஒரு கருவி வாங்கிக்கொள்ளுங்கள், மேல்கையில் கட்டுவது. ஏழு நாள், காலையில் இரண்டு முறை, மாலையில் இரண்டு முறை. சிறுநீர் கழித்துவிட்டு, முதுகைச் சாய்த்து, கால்களைத் தரையில் ஊன்றி ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்த பிறகு அளக்க வேண்டும். பேசக் கூடாது. கை இதய மட்டத்தில் இருக்கட்டும். பருமனான கைக்குச் சின்னப் பட்டையைக் கட்டினால் அளவைப் பொய்யாக அதிகமாகக் காட்டும், அதையும் பார்த்து வாங்குங்கள். முதல் நாள் கணக்கைத் தள்ளிவிட்டு மீதிக்குச் சராசரி எடுங்கள். அது 135/85 அல்லது அதற்கு மேல் என்றால் வேறு சமாதானம் தேட வேண்டாம்.

பிரசவத்தில் வந்த பி.பி.யைப் பற்றி. சிறுநீரில் புரதம் போய், குழந்தையை முன்கூட்டியே எடுக்க வேண்டிவந்தது என்றால் அது முன்சூல்வலிப்பு என்று நாங்கள் சொல்கிற நிலை. குழந்தை பிறந்ததும் பி.பி. இறங்கிவிடும், எல்லோரும் மறந்துவிடுவார்கள். ஆனால் அது வந்த பெண்களுக்குப் பிற்காலத்தில் இதயச் செயலிழப்பு வரும் வாய்ப்பு, வராதவர்களைவிடச் சுமார் நான்கு மடங்கு என்று பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது தெரிந்தது. கர்ப்பம் என்பது இதயத்துக்கு ஒன்பது மாத டிரெட்மில் பரிசோதனை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் உங்கள் ரத்தக்குழாய்கள் ஒரு சேதி சொல்லியிருக்கின்றன. எந்த மருத்துவரைப் பார்த்தாலும் இதைச் சொல்லுங்கள். நாங்களும் பல நேரம் கேட்க மறந்துவிடுகிறோம்.

அப்புறம் அந்த இரண்டு மாடி.

எடை காரணமாக இருக்கலாம். உடற்பயிற்சி இல்லாததும், ரத்தசோகையும், தைராய்டும் காரணமாக இருக்கலாம். ஆனால் எடைதான் என்று நீங்களே தீர்ப்பு எழுதிவிட்டால் மற்றதைப் பார்க்க ஆளில்லாமல் போகிறது. ஆறு மாதத்துக்கு முன் இதே படிகளில் மூச்சு வாங்கியதா? படுத்தால் மூச்சு முட்டி, தலையணையை உயர்த்த வேண்டியிருக்கிறதா? நடு இரவில் மூச்சுக்குத் திணறி எழுந்து உட்காருகிறீர்களா? மாலையில் கணுக்காலை விரலால் அழுத்தினால் குழி விழுகிறதா? இவற்றில் ஒன்றுக்கு ஆம் என்றாலும் இந்த வாரமே போய்ப் பாருங்கள். எதுவும் இல்லை என்றாலும் எக்கோவோடு சேர்த்து என்.டி. புரோ பி.என்.பி. என்ற ரத்தப் பரிசோதனையைக் கேட்கலாம். இதயச் சுவர் அழுத்தத்தில் இழுபடும்போது ரத்தத்தில் கூடுகிற ஒரு பொருள் அது. 125க்குக் கீழே இருந்தால் மூச்சு வாங்குவதற்கு இதயம் காரணமாக இருக்கும் வாய்ப்பு மிகவும் குறைவு. ஒரு சூட்சுமம்: எடை அதிகமுள்ளவர்களுக்கு இந்த அளவு இயல்பாகவே கொஞ்சம் குறைத்துக் காட்டும். அதனால் இதை மட்டும் நம்பக் கூடாது.

சுகர் 6.2 என்பது நீரிழிவுக்கு முந்தைய கட்டம். 6.5ஐத் தொட்டால் நீரிழிவு. ஃபிராமிங்ஹாம் கணக்கில் நீரிழிவுள்ள ஆண்களுக்கு இதயச் செயலிழப்பு இரு மடங்குக்கு மேல், பெண்களுக்கு ஐந்து மடங்கு. அடைப்பு இல்லாவிட்டாலும் சுகர் இதயத்தசையை நேரடியாகவே கெடுக்கும். பெண்களுக்கு ஏன் இத்தனை மடங்கு என்பதில் இன்னும் வாதங்கள் நடக்கின்றன. ஒரு நல்ல செய்தியும் உண்டு. சுகருக்காகக் கண்டுபிடித்த எம்பாகிளிஃப்ளோசின் என்ற மருந்தை 2015இல் சோதித்தபோது, இதயச் செயலிழப்புக்காக மருத்துவமனையில் சேருவது 35 சதவீதம் குறைந்தது. இப்போது அந்த வகை மருந்துகளைச் சுகரே இல்லாத செயலிழப்பு நோயாளிகளுக்கும் கொடுக்கிறோம். அப்பாவின் மருந்துச் சீட்டில் அந்த வகை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், அவருக்கு ஒத்துவருமா என்று மருத்துவரிடம் கேட்பதில் தவறில்லை. உங்களுக்கு இப்போது மாத்திரை தேவைப்படாமலே 6.2ஐ இறக்க முடியும்.

அதற்கு எடை இறங்க வேண்டும். உங்கள் உடல் நிறை எண் 33க்குச் சற்றுக் குறைவு. இந்த எண் ஒன்று கூடினால் செயலிழப்பு வரும் வாய்ப்பு பெண்களுக்கு 7 சதவீதம், ஆண்களுக்கு 5 சதவீதம் கூடுகிறது. இதைத் திருப்பியும் படிக்கலாம் என்பதால்தான் எழுதுகிறேன். 60 கிலோவுக்கு வரவேண்டும் என்று தொடங்குகிறவர்கள் இரண்டு மாதத்தில் வெறுத்துப்போய் விட்டுவிடுகிறார்கள். முதலில் ஐந்து கிலோ. அதிலேயே பி.பி.யும் சுகரும் முழங்காலும் நன்றி சொல்லும். வாரத்துக்கு 150 நிமிட வேக நடை போதும், அதை ஒரே மூச்சில் நடக்க வேண்டியதில்லை. ஒன்று மட்டும். படியில் மூச்சு வாங்குகிறவர் என்பதால் எக்கோ முடிந்த பிறகு வேகத்தைக் கூட்டுங்கள், அதுவரை சாதாரண நடை. உப்பு ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்து 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு, ஒரு டீஸ்பூனுக்கும் கொஞ்சம் குறைவு. பாக்கெட்டில் வருகிற தின்பண்டங்களின் உப்பும் இந்தக் கணக்கில்தான் சேரும்.

குறட்டையைக் கேலி செய்கிறவர்களிடம் ஒரு வேலை கொடுங்கள். குறட்டை நடுவில் சட்டென்று நின்று, மூச்சே இல்லாமல் சில நொடி போய், பிறகு திணறலோடு மறுபடி தொடங்குகிறதா என்று இரண்டு இரவு கவனிக்கச் சொல்லுங்கள். போனில் பதிவு செய்தாலும் சரி. அப்படி இருந்தால் அது தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் நோய். ஒவ்வொரு முறை நிற்கும்போதும் ஆக்சிஜன் குறைந்து, பி.பி. எகிறி, இதயம் இரவு முழுக்க ஓய்வில்லாமல் கிடக்கும். காலையில் தலைவலி, வகுப்பில் கண் சொருகுவது எல்லாம் அதன் துணை அடையாளங்கள். மாத்திரைக்கு அடங்காத பி.பி.க்குப் பின்னால் பலமுறை இதுதான் ஒளிந்திருக்கும்.

முழங்கால் மாத்திரை ஐபுப்ரோஃபென், டைக்லோஃபெனாக் வகையா என்று அட்டையைத் திருப்பிப் பாருங்கள். இவை சிறுநீரகத்தில் உப்பையும் நீரையும் தேக்கிவைக்கும், பி.பி.யை ஏற்றும். உங்களுக்கே இது வேண்டாத சுமை. அப்பாவுக்கோ ஆபத்து. நன்றாக இருந்த செயலிழப்பு நோயாளிகள் முதுகுவலிக்கு நாலு நாள் மாத்திரை போட்டுவிட்டு மூச்சுத்திணறலோடு வந்து சேருவதை அடிக்கடி பார்க்கிறேன். வீட்டில் ஒரே மருந்துப் பெட்டி என்றால், உங்கள் வலி மாத்திரையை அவர் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

கொலஸ்ட்ரால் நார்மல் என்பது நல்லதே. அது மாரடைப்பு என்ற வழியை ஓரளவு அடைக்கிறது. மற்ற வழிகள் திறந்துதான் இருக்கின்றன. உங்கள் அப்பாவின் ஆஞ்சியோவே அதற்குச் சாட்சி. புகை, மது பற்றி நீங்கள் எழுதவில்லை, இரண்டும் இல்லை என்று எடுத்துக்கொள்கிறேன். அப்பா குடித்தவரா என்று மட்டும் அவர் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள், காரணம் தேடுவதில் அது முக்கியம். சிறு வயதில் தொண்டைப் புண்ணுக்குப் பிறகு மூட்டு மூட்டாய் வீங்கிக் காய்ச்சலில் கிடந்தவர்களுக்கு வால்வு கெட்டிருக்கலாம். புற்றுநோய்க்கு டாக்ஸோரூபிசின், டிராஸ்டுசுமாப் போன்ற மருந்துகள் ஏற்றிக்கொண்டவர்களும், துடிப்பு தாறுமாறாக ஓடும் கோளாறு உள்ளவர்களும், நாள்பட்ட சிறுநீரக நோயாளிகளும் தனியாகக் கண்காணிப்பில் இருக்க வேண்டியவர்கள். உங்கள் கடிதத்தில் இவை இல்லாததால் மேலே போகிறேன்.

அமெரிக்க இதய மருத்துவ அமைப்புகள் 2001இல் இந்த நோயை ஏ, பி, சி, டி என்று நான்கு கட்டங்களாகப் பிரித்தன. அதில் விசேஷம், முதல் இரண்டு கட்டங்களில் இருப்பவருக்கு நோய்க்குறி எதுவும் கிடையாது. பி.பி., சுகர், எடை, குடும்ப வரலாறு என்று வாய்ப்பை மட்டும் சுமப்பவர் ஏ. எக்கோவில் மாற்றம் தெரிய ஆரம்பித்தவர் பி. நோய்க்குறி வந்துவிட்ட அப்பா சி. நீங்கள் இப்போதே ஏ கட்டத்தில் இருக்கிறீர்கள். எக்கோ எடுத்தால் பி என்று வரலாம், வராமலும் இருக்கலாம். மாடிப்படி மூச்சுக்கு இதயம்தான் காரணம் என்று தெரிந்தால் கணக்கு மாறும். ஏ என்பதைக் கேட்டுக் கலங்க வேண்டாம். பெரியவர்களில் ஏராளமானோர் அங்கேதான் இருக்கிறார்கள், பெயர் தெரியாமல்.

ஆகவே அப்பாவின் டிஸ்சார்ஜ் சம்மரி, எக்கோ, ஆஞ்சியோ அறிக்கைகளை ஒரு ஃபைலில் போட்டு, உங்கள் ஏழு நாள் பி.பி. கணக்கோடு ஓர் இதய மருத்துவரிடம் போங்கள். எக்கோ, ஈ.சி.ஜி., என்.டி. புரோ பி.என்.பி., ஹீமோகுளோபின், தைராய்டு, சிறுநீரகப் பரிசோதனை ஆகியவை போதும். வீட்டில் அப்பாவைத் தினமும் காலையில் எழுந்து சிறுநீர் கழித்ததும் எடை பார்க்கச் சொல்லுங்கள். மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் அது சதை இல்லை, நீர். அன்றே மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

இன்னொன்று. சித்தப்பாவுக்குப் பிள்ளைகள் இருக்கிறார்களா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால், அவர்கள் இந்நேரம் அவர் இறந்த வயதை நெருங்கியிருப்பார்கள் அல்லது தாண்டியிருப்பார்கள். பெரியப்பாவுக்கு இப்படி என்று தெரிந்திருக்குமே தவிர, அதற்கும் தங்களுக்கும் சம்பந்தம் இருக்கலாம் என்று அவர்களுக்குத் தோன்றியிருக்காது. விளையாடும்போதோ ஓடும்போதோ மயங்கி விழுந்ததுண்டா என்று கேளுங்கள். இல்லை என்றாலும் அவர்களும், உங்கள் கூடப்பிறந்தவர்களும் ஆளுக்கு ஒரு ஈ.சி.ஜி., ஒரு எக்கோ எடுக்கட்டும். நீங்கள் எடுக்கும் எக்கோவுக்கு முன்னாலேயே அவர்களுக்கு ஒரு போன் செய்துவிடுங்கள்.